ஆடிட்டர் ஆபீஸ்ல எல்லா வேலையும் ஏன் உங்க டேபிள்லயே வந்து நிக்குது

தம்பி, நீங்க பெருசா எழுதியிருக்கீங்க, நான் புரிஞ்சுகிட்டத முதல்ல சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. பாண்டில உங்க மாமா முப்பது வருஷமா நடத்துன ஆடிட்டர் ஆபீஸ், இப்ப ரெண்டு வருஷமா உங்க கைல. ஸ்டாஃப் 9 பேர், அதுல 3 பேர் ஆர்ட்டிகிள்ஸ், அதாவது சிஏ படிச்சுகிட்டே பயிற்சி எடுக்கறவங்க. போன செப்டம்பர்ல டேக்ஸ் ஆடிட் சீசன் உச்சத்துல இருக்கும்போது ஒரே வாரத்துல ரெண்டு பேர் வேலைய விட்டு நின்னுட்டாங்க, நீங்க ராத்திரி 1 மணி வரைக்கும் உக்காந்து முடிச்சிருக்கீங்க. பார்ட்டிங்க, அதான் நம்ம கிளையன்ட்டுங்க, இன்னும் "பெரிய ஆடிட்டர் இல்லையா"ன்னு கேட்டுகிட்டே தான் உள்ள வராங்க. இப்ப சென்னைல மூணு நாள் லீடர்ஷிப் கோர்ஸ் ஒன்னு இருக்கு, போகலாமா வேணாமா, அதான் கேள்வி.

போங்க. தப்பே இல்ல. மூணு நாளாவது நேரத்துக்கு சாப்பிடுவீங்க. ஆனா அங்க சொல்லித் தர்ற விஷயம் பாதி பெரிய கம்பெனிக்கானது, நூறு பேர் வேலை செய்ற ஃபேக்டரிக்கானது. நம்ம மாதிரி ஆபீஸ் வேற ஜாதி. ஆடிட்டர், வக்கீல், ஆர்க்கிடெக்ட், கன்சல்டன்ட் எல்லாருக்கும் இது பொருந்தும், நம்மகிட்ட மெஷின் கிடையாது, ஸ்டாக் கிடையாது, சாயங்காலம் 7 மணிக்கு எல்லாரும் பைய மாட்டிகிட்டு கிளம்பிட்டா ஆபீஸ்ல மிச்சம் இருக்கறது நாலு கம்ப்யூட்டரும் பழைய ஃபைலும் தான்.

உங்க கடிதத்துல ஒரு வரி இருந்துச்சு, "எல்லாத்தையும் கடைசில நானே பாத்தா தான் சரியா வருது". பெருமையா எழுதினீங்களா அலுப்புல எழுதினீங்களான்னு தெரியல, ஆனா நோய் அந்த வரில தான் இருக்கு, மத்தது எல்லாம் அதுல இருந்து வர்ற காய்ச்சல். நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல 26 வருஷமா ஆபீஸ் வெச்சிருக்கேன், இப்ப 14 பேர், கூட ஒரு பார்ட்னர். முதல் 12 வருஷம் நானும் அதே வரியத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிகிட்டு திரிஞ்சேன், அதனால நான் பண்ணாத தப்பு எதையும் இங்க எழுதல.

ஒரு வாரம் உங்க டேபிளுக்கு வர்ற ஒவ்வொரு வேலையையும் ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. மூணு தினுசா பிரியும். சிலது நிஜமாவே மண்டைய உடைக்கறது, இதுக்கு முன்னாடி யாரும் பாக்காதது. உதாரணத்துக்கு பாண்டில உங்களுக்கு அடிக்கடி வரும், பிரெஞ்சு பாஸ்போர்ட், அங்க இருந்து பென்ஷன், இங்க ரெண்டு வீட்டு வாடகை, வருஷத்துல பாதி நாள் இங்க பாதி நாள் பாரிஸ், இவர் வரி கணக்குக்கு இங்க ரெசிடென்டா (இந்தியாவாசியா) இல்லையா, எந்த வருமானத்துக்கு எங்க வரி. அதுக்கு நாள எண்ணணும், இந்தியா பிரான்ஸ் வரி ஒப்பந்தத்தப் பிரிச்சுப் படிக்கணும், அது உங்க வேலை. ரெண்டாவது தினுசு, புதுசு இல்ல, ஆனா பழக்கம் வேணும். பண்ருட்டி முந்திரி ஏற்றுமதி பார்ட்டியோட ஜிஎஸ்டி ரீஃபண்ட், ஒரு பார்ட்னர் இறந்துபோன ஃபர்மோட கணக்கு, டிபார்ட்மென்ட் நோட்டீஸுக்கு பதில், இதெல்லாம் நாலு தடவை பாத்தவங்க அஞ்சாவது தடவை நல்லா செய்வாங்க, அது நீங்களா தான் இருக்கணும்னு இல்ல. மூணாவது, மாசா மாசம் வர்றது. 7ஆம் தேதி டிடிஎஸ் கட்டறது, 11 ஆர்1 (ஜிஎஸ்டி விற்பனை ரிட்டர்ன்), 15 பிஎஃப் இஎஸ்ஐ, 20 3பி (ஜிஎஸ்டி வரி கட்டற ரிட்டர்ன்). இது முறை தெரிஞ்சா யாரும் செய்யலாம்.

நான் முதல் தடவை இத எழுதிப் பாத்தப்ப வெக்கமா போச்சு. என் நேரத்துல முக்காவாசி மூணாவது தினுசுல போயிருந்துச்சு. ஒரு மளிகைக் கடையோட 2பில (ஜிஎஸ்டி போர்ட்டல்ல வர்ற பர்ச்சேஸ் லிஸ்ட்) பத்து பர்ச்சேஸ் பில் ஏன் வரலன்னு நானே உக்காந்து தேடிகிட்டு இருந்திருக்கேன், அதே நேரம் ஒரு ரீஃபண்ட் ஃபைல் 40 நாளா என் டேபிள்ல தூசி பிடிச்சு கெடக்கு. யோசிச்சுப் பாருங்க, ஒரு மெம்பர் வருஷத்துக்கு 60 டேக்ஸ் ஆடிட்டுக்கு மேல கையெழுத்துப் போடக்கூடாதுன்னு நம்ம சிஏ இன்ஸ்டிட்யூட் கணக்கு வெச்சிருக்கு. அப்ப நம்ம ஆபீஸ்ல அளவா இருக்கற சரக்கு எது? உங்க கையெழுத்தும் அதுக்குப் பின்னாடி இருக்கற யோசனையும் தான். அத வெச்சு மளிகைக் கடை பில்லு தேடறது, தங்கச் சங்கிலிய போட்டு மாட்டக் கட்டற கதை.

இப்ப காசு கணக்குக்கு வரேன். நம்ம ஊர்க்கணக்க எழுதிக் குடுக்கறோம், நம்ம கணக்க எழுத மாட்டோம், ஆடிட்டர் ஆபீஸோட சாபமே அதான். 25,000 ரூபாய் சம்பளத்துல ஒரு ஸ்டாஃப் இருக்கார்னு வைங்க, வருஷத்துக்கு 3 லட்சம். வாடகை, கரண்ட், சாஃப்ட்வேர், தீபாவளி போனஸ், உங்க ரிவ்யூ நேரம் எல்லாம் சேத்தா அவர் மேல ஆபீஸ் போடற செலவு ஏறக்குறைய ரெண்டு மடங்கு, 6 லட்சம். ஞாயித்துக்கெழம போக குத்துமதிப்பா 300 நாள், லீவு பண்டிகை 40 நாள் போனா 260, தினம் 8 மணி நேரம்னா 2,080 மணி நேரம். அதுல பார்ட்டி பேர்ல எழுதற மாதிரி வேலை நடக்கறது 70 சதவீதம்னா பெரிய விஷயம், மீதி டீ, சர்வர் தொங்கறது, போன். 1,456 மணி நேரம். 6 லட்சத்த அதால வகுத்தா மணிக்கு 400 ரூபாய்க்கு மேல. இப்ப மாசம் 1,500 ரூபாய்க்கு ஜிஎஸ்டி பண்ற ஒரு பார்ட்டிய எடுங்க, பில்ல பைல போட்டு கொண்டுவந்து கொட்டறவர், அவருக்கு மாசம் 6 மணி நேரம் ஆகுது. 2,400 ரூபாய் செலவு பண்ணி 1,500 வாங்கறீங்க. அதையும் அவர் ஆறு மாசம் கழிச்சு தான் குடுக்கறார்.

இந்த நம்பர் என்னோட உதாரணம், உங்களுது வேற வரும். ஆனா வரணும்னா யார் எந்த பார்ட்டிக்கு எவ்ளோ நேரம் செலவு பண்றாங்கன்னு தெரியணும், அதுக்கு டைம்ஷீட் வேணும், டைம்ஷீட்னு சொன்னா ஸ்டாஃப் மூஞ்சி தொங்கிடும். நான் என்ன பண்ணேன்னா ரெண்டே மாசம் தான்னு சொல்லி, ஆளுக்கு ஒரு 80 பக்க நோட்டு வாங்கிக் குடுத்து, அரை மணி நேர கணக்குல எழுதச் சொன்னேன், முதல் நோட்டு என்னுது, அத எல்லாரும் பாக்கற மாதிரி ரிசப்ஷன் டேபிள்ல வெச்சேன். உளவு பாக்கத்தான் இதுன்னு அவங்களுக்கு ஒரு பயம், மேடமே எழுதறாங்கன்னதும் அது கொஞ்சம் கொறஞ்சுது. ரெண்டு மாசத்துல நஷ்டத்துல ஓடற 17 பார்ட்டி யாருன்னு பேரோட தெரிஞ்சுது. அதுல எட்டு பேர் ஃபீஸ ஏத்திக் குடுத்தாங்க, சண்ட போடாம. அஞ்சு பேர் வேற ஆடிட்டர்கிட்ட போனாங்க. நாலு பேர் சொந்தக்காரங்க, அத என்ன பண்றது, அப்படியே இருக்கு.

சரி, வேலைய கீழ குடுக்கணும்னு எல்லாரும் சொல்லுவாங்க, கோர்ஸ்லயும் சொல்லுவாங்க. குடுத்தா தப்பா வருதே, அதானே உங்க வருத்தம். இங்க தான் என் பெரிய தப்ப சொல்லணும்.

நெல்லிக்குப்பத்துல இருந்து ஒரு பொண்ணு ஆர்ட்டிகிள்ஸா இருந்துச்சு, நல்ல சூட்டிகை. டேக்ஸ் ஆடிட் ரிப்போர்ட்ல 3சிடிங்கற படிவத்த அதுதான் தயார் பண்ணும். தொழிலாளிகிட்ட இருந்து புடிச்ச பிஎஃப் பணத்த அப்ப அந்தப் படிவத்துல 20(பி)ங்கற எடத்துல காட்டணும், கம்பெனி தன் பங்கா கட்டறது 26ல வரும். அந்தப் பொண்ணு ரெண்டையும் ஒன்னா சேத்து 26ல போட்டுடும். ராத்திரி ரிவ்யூ பண்றப்ப நான் பாப்பேன், அட இதுக்குப் போயி எழுப்பி சொல்லணுமான்னு நானே பிரிச்சு போட்டு முடிச்சுடுவேன். ரெண்டு நிமிஷ வேலை. இப்படி ஒன்னு இல்ல ரெண்டு இல்ல, ரெண்டு சீசன். அது ஆர்ட்டிகிள்ஸ் முடிச்சு வேற ஊர்ல வேலைக்கு சேந்து, அங்க மொதல் மாசமே அதே தப்ப பண்ணி, அங்க இருந்த சீனியர் எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கார். எனக்கு போன் பண்ணி "மேடம், நான் தப்பா போடறேன்னு எனக்கே தெரியாது மேடம், நீங்க சொல்லவே இல்லயே"ன்னுச்சு. கோவமா கூட சொல்லல.

அது நடந்தது 2022க்கு முன்னாடி. 2022 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துடுச்சு, தொழிலாளி பங்க பிஎஃப் சட்டத்துல சொன்ன தேதிக்குள்ள கட்டலன்னா அது செலவா கழிக்க முடியாதுன்னு. அதுக்கு அப்புறம் அந்த இடத்துல தப்பு பண்ணா பார்ட்டிக்கு நேரா வரி ஏற ஆரம்பிச்சுது. நான் மறைச்சு மறைச்சு திருத்தினது நல்ல மனசுன்னு நெனச்சுகிட்டு இருந்தேன். உண்மை என்னன்னா சொல்லிக் குடுக்க 20 நிமிஷம் ஆகும், நானே செஞ்சா 2 நிமிஷம், அந்த 18 நிமிஷத்த மிச்சம் புடிச்சேன், அவ்ளோதான். அத இருபது தடவை மிச்சம் புடிச்சா என் ராத்திரி தூக்கம் போச்சு, அந்தப் பொண்ணோட படிப்பும் போச்சு.

இப்ப எங்க ஆபீஸ்ல நான் கீபோர்ட தொட மாட்டேன். தப்பு இருந்தா எந்த இடம்னு மட்டும் எழுதி ஃபைல் திரும்பிப் போகும், ஏன் தப்புன்னு செஞ்சவங்க வந்து எனக்கு சொல்லணும். ரெண்டாவது தடவையும் அதே தப்பு வந்தா உக்கார வெச்சு சொல்லிக் குடுப்பேன். மூணாவது தடவை வந்தா, இத நீங்க கவனிக்கணும், ஆள் மேல பழி போடறதுக்கு முன்னாடி எங்க முறைல ஓட்ட இருக்கான்னு பாப்பேன். பெரும்பாலும் முறைல தான் ஓட்ட.

நம்ம ஊருக்கே உரிய உதாரணம் சொல்றேன். கடலூர்ல இருந்து பாண்டி 22 கிலோமீட்டர் சொச்சம், பஸ்ல ஏறி ஒரு தூக்கம் போடறதுக்குள்ள வந்துடும், நடுவுல எது தமிழ்நாடு எது பாண்டின்னு ஊர்க்காரனுக்கே கொழப்பம், ஆனா ஜிஎஸ்டிக்கு இது 33 அது 34, வெளிமாநிலம். முள்ளோடை எல்லைய தாண்டி சரக்கு போனா ஐஜிஎஸ்டி, வெளிமாநில வரி. சரக்கு வண்டில போறதுக்கு எடுக்கற இ-வே பில்லும் அப்படித்தான், தமிழ்நாட்டுக்குள்ளயே போனா 1 லட்சம் வரைக்கும் வேணாம், இங்க இருந்து பாண்டிக்கு போறதுன்னா 50,000 தாண்டினாலே வேணும். புதுசா சேர்ற ஒவ்வொரு பையனும் இதுல ஒரு தடவையாவது சறுக்குவான், பக்கத்து ஊர் தானேன்னு உள்மாநில வரியான சிஜிஎஸ்டி எஸ்ஜிஎஸ்டி போட்டுடுவான். அப்புறம் சரியான வரிய திரும்ப கட்டி, தப்பா கட்டினத ரீஃபண்ட் கேக்கணும். வட்டி கிடையாதுன்னு சட்டம் சொல்லுது, சரிதான், ஆனா பார்ட்டியோட பணம் ரெண்டு எடத்துல முடங்கும், நம்மள தான் திட்டுவார். வருஷா வருஷம் நான் கத்திகிட்டே இருந்தேன். கத்தறத விட்டுட்டு ஆர்1 போடறதுக்கு முன்னாடி டாலி சாஃப்ட்வேர்ல பார்ட்டியோட மாநிலத்தையும் ஜிஎஸ்டி நம்பரோட முதல் ரெண்டு இலக்கத்தையும் ஒப்பிட்டு ஒரு டிக் போடணும்னு ஒரு பக்க செக்லிஸ்ட் ஒட்டினோம். அதுக்கப்புறம் அந்த தப்பு வந்தது ஒரு தடவை, அது நான் அவசரத்துல போட்டது. சிரிக்காதீங்க.

ஆளுங்க விஷயம். மூணு வருஷமா இருந்த ஆர்ட்டிகிள்ஸ்ஷிப்ப 2023ல ரெண்டு வருஷமா கொறச்சுட்டாங்க இல்லயா, இத நம்மள மாதிரி சின்ன ஆபீஸுங்க இன்னும் சரியா யோசிக்கல. முன்னாடி ஒரு வருஷம் கத்துக்கும், ரெண்டு வருஷம் உழைக்கும். இப்ப கத்துகிட்டு நிமிர்றதுக்குள்ள பரீட்சை லீவு, அப்புறம் டாட்டா. ஆர்ட்டிகிள்ஸ வெச்சே ஆபீஸ ஓட்டிடலாம்ங்கற உங்க மாமா காலத்து கணக்கு இனிமே ஓடாது. நிரந்தரமா இருக்கப்போற ஸ்டாஃப் தான் முதுகெலும்பு, நம்ம தேவனாம்பட்டினம் பெரியார் கலைக் கல்லூரி, உங்க பக்கம் தாகூர் கலைக் கல்லூரி, பாரதிதாசன் மகளிர் கல்லூரி, இங்கெல்லாம் பிகாம் முடிச்சுட்டு ஊர விட்டுப் போக மனசில்லாத புள்ளைங்க நெறய இருக்காங்க. சம்பளத்துல சென்னையோட போட்டி போட முடியாது, போடவும் வேணாம். அவங்களுக்கு எது முக்கியம்னு கேட்டா ஆச்சரியமா இருக்கும். எங்க ஆபீஸ்ல குறிஞ்சிப்பாடி, பண்ருட்டில இருந்து வர்ற பொண்ணுங்களுக்கு சாயங்காலம் 6.30க்கு மேல உக்காந்தா பஸ் பிரச்சனை, வீட்ல அப்பா பஸ் ஸ்டாண்ட்ல வந்து நிப்பார். அத நான் ரொம்ப வருஷம் "கமிட்மென்ட் இல்ல"ன்னு எழுதி வெச்சிருந்தேன் மனசுக்குள்ள. இப்ப 9க்கு வந்துட்டு 6க்கு போயிடுவாங்க, 20ஆம் தேதி தாண்டின அடுத்த சனிக்கெழம எல்லாருக்கும் லீவு, சீசன்ல ராத்திரி உக்காரணும்னா ஒரு மாசம் முன்னாடியே தேதி சொல்லிடுவேன், வண்டி ஆபீஸ் செலவு. செலவு பெருசா ஒன்னும் இல்ல. மூணு வருஷமா அந்த டீம்ல யாரும் வேலைய விட்டுப் போகல.

சீசன் நெரிசலப் பத்தி தனியா எழுத ஒன்னும் இல்ல. செப்டம்பர் 30ங்கறது வருஷா வருஷம் செப்டம்பர்ல தான் வருது. மே மாசமே பாதி பார்ட்டியோட பேங்க் ஸ்டேட்மென்ட் வாங்கி வைங்க, யார் எப்பவும் 25ஆம் தேதி பையோட வருவாரோ அவருக்கு ஜூலைல நீங்களே போன் பண்ணுங்க.

ஒரு விஷயம் மட்டும் கோர்ஸ்ல வராது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் உங்க பக்கத்துல தான் கரை ஏறுச்சு, உங்களுக்கே நல்லா தெரியும். அதுக்கப்புறம் சாத்தனூர் அணை தண்ணி தென்பெண்ணைல வந்து கடலூர் பக்கம் ஊருக்குள்ள பூந்துச்சு. எங்க ஸ்டாஃப்ல மூணு பேர் வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. டிசம்பர் 11 ஆர்1 டியூ டேட் கண்ணு முன்னாடி நிக்குது, எனக்கு முதல்ல வந்த யோசனை என்ன தெரியுமா, பார்ட்டிங்களோட டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாம் எந்த பீரோவுல இருக்கு, நனஞ்சிருக்குமான்னு. அப்படித்தான் வந்துச்சு, பொய் சொல்லல. அப்புறம் தான் புத்தி வந்து ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டேன். அந்த மூணு பேரும் ஒரு வாரம் வரவேணாம்னு சொல்லி, சம்பளம் முன்னாடியே போட்டுவிட்டு, மீதி ஆளுங்க அவங்க பார்ட்டிய பிரிச்சுகிட்டோம். பிரிக்கறப்ப தான் குட்டு வெளிப்பட்டுச்சு. ஒருத்தர் பார்ட்டியோட பாஸ்வேர்ட் அவர் போன்ல மட்டும், இன்னொருத்தர் ஃபைல் எங்க இருக்குன்னு அவருக்கு மட்டும் தான் தெரியும், போன் தண்ணில. உங்ககிட்ட செப்டம்பர்ல ரெண்டு பேர் நின்னப்பயும் இதே தானே நடந்திருக்கும்? புயல் வந்தாலும் ஒன்னு தான், ஆள் நின்னாலும் ஒன்னு தான். ஒவ்வொரு பார்ட்டிக்கும் ரெண்டு பேருக்கு விவரம் தெரியணும், டோக்கன் யார்கிட்ட இருக்குன்னு ஒரு ரெஜிஸ்டர், பார்ட்டி எழுதிக் குடுத்த சம்மதத்தோட. இப்பவே பண்ணிடுங்க.

மாமா விஷயத்துக்கு வரேன், நீங்க தயங்கி தயங்கி எழுதியிருந்தீங்க. பார்ட்டி "பெரிய ஆடிட்டர்"னு கேக்கறது உங்கள அவமானப்படுத்த இல்ல. முப்பது வருஷமா மாமா பார்ட்டி வீட்டுப் பொண்ணு கல்யாணத்துக்குப் போயிருக்கார், பார்ட்டி கடைய வித்தப்ப யோசனை சொல்லியிருக்கார், அந்த நம்பிக்கைய பத்திரத்துல எழுதி மாத்த முடியாது. மாமாவே உங்கள கூட்டிட்டுப் போயி, பார்ட்டியோட கடைல உக்காந்து, "இனிமே மாப்ள பாத்துக்குவார், அவர் சொன்னா நான் சொன்ன மாதிரி"ன்னு சொல்லணும், அப்புறம் அந்த பார்ட்டி போன் பண்ணா மாமா எடுத்து பதில் சொல்லக்கூடாது, "அவர்கிட்ட கேளுங்க"ன்னு தான் சொல்லணும். இந்த ரெண்டாவது தான் கஷ்டம். வயசான ஆடிட்டருக்கு போன் வரலன்னா உசுரே போயிடும். அதனால அவருக்கு நிஜமா ஒரு வேலை குடுங்க, நான் மேல சொன்ன முதல் தினுசு, மண்டைய உடைக்கற ஃபைலுங்க, வாரம் ஒரு நாள் ஆர்ட்டிகிள்ஸுக்கு பாடம்.

பங்கு எவ்ளோ, குட்வில் (ஆபீஸ் பேருக்கு உள்ள மதிப்பு) எவ்ளோங்கறது குடும்பத்துக்குள்ள கசக்கற பேச்சு, ஆனா எழுதாம விட்டா இன்னும் கசக்கும். மெக்கின்சிங்கற அமெரிக்க கன்சல்டிங் கம்பெனிய வளத்த மார்வின் பவர் 1963ல, 60 வயசுல, தன் பங்க மத்த பார்ட்னருங்களுக்கு புக் வேல்யூவுக்கே (கணக்குப் புத்தகத்துல இருக்கற மதிப்புக்கே) குடுத்தார், வெளி மார்க்கெட்டுக்குப் போயிருந்தா பல மடங்கு வாங்கியிருக்கலாம். பின்னாடி வர்றவங்க கடன்ல மூழ்கிட்டா ஆபீஸ் நிக்காதுங்கறது தான் அதுல இருக்கற கணக்கு. உங்க மாமா அப்படி பண்ணணும்னு சொல்லல, அவர் பென்ஷன் இல்லாத மனுஷன். பத்து வருஷத்துக்கு வருமானத்துல இத்தன சதவீதம்னு பார்ட்னர்ஷிப் டீட்ல (ஒப்பந்தப் பத்திரத்துல) எழுதிக்கோங்க, அது ரெண்டு பேருக்கும் தாங்கும். உங்க சீனியர் ஸ்டாஃப்ல யாராவது சிஏ முடிக்கற நெலமைல இருந்தா அவருக்கும் ஒரு வழி அந்த டீட்ல தெரியணும்.

இதே அறிமுகத்த நீங்களும் கீழ பண்ணணும், பலரும் மறக்கறது இது. பார்ட்டி வரும்போது "இவங்க தான் உங்க ஃபைல பாக்கறவங்க, எதுவா இருந்தாலும் முதல்ல இவங்ககிட்ட"ன்னு பேர் சொல்லி சொல்லுங்க. சொல்லிட்டு பார்ட்டி உங்களுக்கே போன் பண்ணா நீங்களும் மாமா மாதிரி தான், எடுத்து பதில் சொல்லக்கூடாது. கை அரிக்கும், பொறுத்துக்கோங்க.

அப்புறம் கையெழுத்து. பாண்டில விசாவுக்கு நெட்வொர்த் (சொத்து மதிப்பு) சர்டிஃபிகேட் கேட்டு எத்தன பேர் வருவாங்கன்னு எனக்குத் தெரியும், பையன் பிரான்ஸ் போறான், நாளைக்கு அப்பாயின்ட்மென்ட், வீட்டு மதிப்ப கொஞ்சம் கூட்டிப் போடுங்கன்னு. 2019ல இருந்து ஒவ்வொரு சர்டிஃபிகேட்டுக்கும் யூடிஐஎன்ங்கற அடையாள நம்பர் எடுக்கணும், அதனால தூதரகமோ பேங்கோ நெனச்சா ஒரு நிமிஷத்துல சரிபாக்கலாம், அது ஒரு பயம். ஆனா எனக்கு அதவிட பெரிய பயம், அந்த சர்டிஃபிகேட்ட டைப் பண்றது யாரு? உங்க ஆர்ட்டிகிள்ஸ். நீங்க ஒழுக்கத்தப் பத்தி எவ்ளோ பேசினாலும் அந்தப் பையன் கத்துக்கறது அந்த டைப் பண்ண நம்பர்ல இருந்து தான். ஆர்தர் ஆண்டர்சன்ங்கற பெரிய ஆடிட் கம்பெனி, என்ரான்ங்கற அமெரிக்க கம்பெனியோட கணக்கு மோசடில மாட்டி 2002ல விழுந்தப்ப உலகம் பூரா ஏறக்குறைய 85,000 பேர் அதுல வேலை செஞ்சாங்க. மூணு வருஷம் கழிச்சு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தண்டனைய ரத்து பண்ணுச்சு, என்ன பிரயோஜனம், பார்ட்டிங்க போயாச்சு, ஆளுங்களும் போயாச்சு. என்ரான் கணக்க கண்ணால கூட பாக்காதவங்க தான் அதுல பெரும்பாலும். நம்ம ஆபீஸ் 10 பேர், ஆனா பேர் கெட்டா நடக்கறது அதே தான், இன்னும் சீக்கிரமா.

ஸ்டாஃபுக்காக பார்ட்டிகிட்ட நிக்கறதும் இதுல சேத்தி. எங்ககிட்ட நல்ல ஃபீஸ் குடுக்கற ஒரு பெரிய பார்ட்டி, பேர் வேணாம், லேட் ஃபீ 200 ரூபாய்க்காக எங்க பொண்ண போன்ல கெட்ட வார்த்தைல பேசிட்டார். தப்பு அவர் மேல, பில்லே 20ஆம் தேதி சாயங்காலம் தான் அனுப்பினார். அன்னிக்கு நான் "விடும்மா, பெரிய பார்ட்டி"ன்னுட்டேன். அந்தப் பொண்ணு ஒன்னும் சொல்லல, ரெண்டு மாசத்துல நின்னுடுச்சு. அதுக்கு மாத்தா ஆள் எடுத்து பழக்கினதுல அந்தப் பார்ட்டியோட ஒரு வருஷ ஃபீஸ் போச்சு, கணக்குப்படியும் நான் தோத்தேன். அடுத்த தடவை இன்னொருத்தர் அப்படி பேசினப்ப அவர் ஃபைல எல்லாம் கட்டி, வேற ஆடிட்டர பாத்துக்கோங்கன்னு அனுப்பிட்டேன். புது ஆடிட்டர் முறையா எனக்கு லெட்டர் போட்டார், பாக்கி ஃபீஸ் வந்ததும் ஆட்சேபணை இல்லன்னு பதில் போட்டேன். நீங்களும் யார் பார்ட்டியாவது உங்ககிட்ட வந்தா அந்த லெட்டர விட்டுடாதீங்க, மரியாதைக்கு மட்டும் இல்ல, நம்ம சட்டத்துலயே இருக்கு.

கடைசியா ஒன்னு, கோர்ஸுக்கு முன்னாடி பண்ணுங்க, காசு செலவில்ல. நின்னுட்டுப் போன அந்த ரெண்டு பேருக்கும் போன் பண்ணுங்க. திரும்ப கூப்புடறதுக்கு இல்ல, ஏன் போனீங்கன்னு கேக்கறதுக்கு. முதல்ல சம்பளம்னு தான் சொல்லுவாங்க, அதோட வெச்சுடாதீங்க, வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்க, புது எடம் எப்படி இருக்குன்னு இன்னும் ரெண்டு நிமிஷம் பேசுங்க. எங்ககிட்ட நின்ன ஒரு பையனும் முதல்ல சம்பளம்னு தான் சொன்னான், அப்புறம் கொஞ்சம் சிரிச்சுட்டு, "3பி ஓடிபிக்காக பார்ட்டிக்கு போன் போட்டு கெஞ்சறது தான் மேடம் ஒரு வருஷமா என் வேலை, வேற எதுவும் எனக்கு யாரும் குடுக்கல"ன்னான். பிகாம்ல ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கின பையன். இப்ப அந்த ஓடிபி வேலைக்கு முறை போட்டிருக்கோம், 18, 19, 20ன்னு ஆளுக்கு ஒரு நாள். 19 எனக்கு.